உக்கிராண அறைச் சாவி

எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் உக்கிராண அறைச் சாவி, அதாவது சமையல் சாமான்களை வைத்திருக்கிற அறையின் சாவி, அப்பாவிடம்தான் வரும். அப்பா டி.டி.டி.ஏ. என்கிற திருச்சபைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம் பக்கத்து ஊர்களில் அந்த நாளில் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் மண்டபத்தில் நடந்ததில்லை. வீட்டு முன்னால் பந்தல், பின்னால் சமையலுக்கு ஆக்குப்புரை, நடுவில் ஏதாவது ஓர் அறையைக் காலி பண்ணிச் சாமான்களை அடுக்கியிருப்பார்கள். அரிசி மூட்டை, துவரம்பருப்பு, எண்ணெய் டின், தேங்காய்க் குவியல், வாழை இலைக் கட்டு. முந்தின நாள் மதியம் அப்பா அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் மறுநாள் கடைசிப் பந்தி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். சமையல் பண்ணுகிற தவசுப்பிள்ளை வாசலில் வந்து நின்று, "சார்வாள், இன்னும் ரெண்டு படி பருப்பு வேணும்" என்பார். அப்பா "எத்தனை பந்திக்கு?" என்று கேட்டுவிட்டு அளந்து கொடுப்பார். கொடுத்ததை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, பாயசத்துக்கு வைத்திருந்த முந்திரிப்பருப்பில் நாலு கேட்டேன். "இது நம்ம வீட்டுச் சாமான் இல்லம்மா" என்றார். முகம் வாடிப் போனதைப் பார்த்ததும் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்து, "கடையில போய் மிட்டாய் வாங்கிக்கோ" என்று அனுப்பினார். அறை நிறைய முந்திரி இருக்கும்போது இவர் ஏன் சொந்தக் காசைக் கொடுக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அதே கல்யாணத்தில் எதிர்பார்த்ததைவிட மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கூடுதலாக வந்துவிட்டார்கள். மீதம் வைத்திருந்த அரிசி மூட்டையை அப்பா யாரிடமும் கேட்காமல் பிரித்துக் கொடுத்தார். யாரோ தயங்கியபோது, "பிசுக்கித்தனம் பண்ணுறதுக்கா சாவிய என் கையில குடுத்தாங்க?" என்றார். ராத்திரி எல்லோரும் அசந்து கிடக்கையில் பெண்ணைப் பெற்றவரை உட்கார வைத்துக் கணக்கை வாசித்தார். ஒரு எண்ணெய் டின் கணக்கில் இடித்தது. "விடுங்க மச்சான், காலைல பாத்துக்கலாம்" என்று அவர் சொல்லியும் கேட்காமல், டார்ச் லைட்டோடு ஆக்குப்புரைக்குப் பின்னால் போய், சாக்குக்கு அடியில் கிடந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பைபிளில் லூக்கா 16ஆம் அதிகாரத்தைக் கோயிலில் வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். "உன் உக்கிராணக்கணக்கையொப்புவி" என்று எஜமான் தன் உக்கிராணக்காரனிடம் கேட்கிறான். அந்தக் கதையிலும் நூறு குடம் எண்ணெய் இருக்கிறது, நூறு கலம் கோதுமை இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் நன்றியோடிருக்கிறேன். கல்யாண வீட்டு உக்கிராணத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவுரையே தேவையில்லை. அறைக்குள் இருக்கிற எதுவும் நம்முடையதில்லை. வீணாக்கவும் கூடாது, பூட்டி வைக்கவும் கூடாது. கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நானும் என் கணவரும் பதினைந்து வருடம் கணக்கே பார்க்காமல் குடும்பம் நடத்தினோம்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 52,000. நான் பள்ளியில் வாங்குவது 21,000. சம்பளம் வந்த அன்றே தசமபாகம் 7,300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதனாலேயே எங்கள் பணக் காரியம் கர்த்தருக்கு முன்பாகச் சரியாக இருக்கிறது என்று முழுமனதாய் நம்பினோம். பத்தில் ஒன்றைக் கொடுத்தாகிவிட்டது, மற்ற ஒன்பது எங்கள் பாடு. எங்களுடைய தப்பு அத்தனையும் இந்த நினைப்பிலிருந்துதான் முளைத்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம். எங்கள் பக்கத்துச் சபைகளில் இந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பொருளுக்கு விலை கிடையாது. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்குப் போகும். சேவல், பூசணிக்காய், முதல் காய்ப்புத் தேங்காய், யாரோ வீட்டில் செய்து கொண்டுவந்த கேக் என்று வரிசையாய் வரும். காசு ஆண்டவருக்குப் போகிறது என்ற சந்தோஷத்தில் எல்லோரும் ஏற்றிக் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு செவ்வாழைத் தாருக்கு என் கணவருக்கும் இன்னொருவருக்கும் போட்டி. 6,500 ரூபாய்க்கு எங்களுக்கு விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று வரிசை தள்ளி நின்ற என் தம்பியும் தட்டினான்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் 80,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. வீட்டுக்குக் காங்கிரீட் போட்டபோது பணம் போதாமல் வாங்கியது. ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னோம். மூன்று வருடம் ஆகிவிட்டது. அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் கேட்காததை அவனுக்குத் தேவையில்லை என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

கிறிஸ்துமஸ் அன்று அவன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். அவன் மனைவி என்னோடு அடுக்களையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புழுக்கத்துக்குச் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். கழுத்தில் சங்கிலி கிடந்த இடத்தில் வளையமாய்க் கறுப்பு படிந்திருந்தது. கவரிங். கல்யாணத்துக்குப் போட்ட ஐந்து பவுன் சங்கிலி எங்கே என்று கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஜூன்ல காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு வச்சாங்க மதினி. திருப்பிக்கலாம்" என்றாள். வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையைச் செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே, அதைச் சிறு வயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொல்லியிருக்கிறேன். சண்டைக்குத்தான் அந்த வசனம் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி முதல் வாரம் மகனுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். யாருக்கெல்லாம் எவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் எழுதுவோம், யார் தப்பு என்று பேச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டோம். வீட்டுக் கடன் 14,20,000. நகைக் கடன் 2,40,000. தனிநபர் கடன் 1,60,000. கிரெடிட் கார்டு 92,000. தம்பிக்கு 80,000. ஃபிரிட்ஜுக்கும் போனுக்கும் சேர்த்து இன்னும் எட்டு மாதத் தவணை, 27,200. மளிகைக் கடைப் பற்று 4,600. தையல்காரம்மாவுக்கு 2,350. கூட்டினால் 20,26,150. கார்டு பாக்கி அவ்வளவு என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாய் வந்தது. தினமும் ஒன்றாய் முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறவர்கள் நாங்கள். அந்த ஜெபத்துக்குள்ளும் இதைக் கொண்டுவர முடியாமல் இவர் எத்தனை நாள் தனியே சுமந்தாரோ.

அந்தப் பட்டியலில் என்னை அதிகம் உறுத்தியது இருபது லட்சம் இல்லை, கடைசியில் இருந்த 2,350. தையல்காரம்மா வீட்டில் அந்தக் காசு ஒரு வாரச் சாப்பாடு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்பது லேவியராகமம். மறுநாள் காலையிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கணக்கில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. இரண்டு வட்டி என்றாலே யோசிப்போம். மூன்று வட்டி, நாலு வட்டிக்கு ஒருவன் வாங்கினான் என்றால் அவன் குடும்பம் அவ்வளவுதான் என்று பேசுவோம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில் எங்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நெல்லைக்காரர்கள் மறக்க முடியாது. எங்கள் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம். அதாவது மூன்றரை வட்டி. தெருவில் ஒருவரிடம் அந்த வட்டிக்குக் கை நீட்ட என் கணவர் செத்தாலும் சம்மதித்திருக்க மாட்டார். பளபளப்பான அட்டையாக வந்ததால் அது வட்டியாகவே தெரியவில்லை.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று மாதாமாதம் குறுஞ்செய்தி வரும். பாக்கியில் ஐந்து சதவீதம், 4,600 ரூபாய். தவறாமல் கட்டியிருக்கிறார். அந்த மாத வட்டி 3,220. வட்டிக்குமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 580. ஆக 4,600 கட்டி அசலில் குறைந்தது 800 ரூபாய். அதே மாதம் அந்தக் கார்டிலேயே இரண்டாயிரத்துக்குத் துணி எடுத்திருக்கிறோம். கூலியைச் சம்பாதித்துப் பொத்தலான பையிலே போடுகிறான் என்று ஆகாய் தீர்க்கதரிசி சொல்கிறாரே, அந்தப் பொத்தல் எவ்வளவு பெரியது என்பதை நாங்கள் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

சரி, என்ன செய்வது? என்னிடம் அடகுக்குப் போகாத நகை இரண்டு பவுன் வளையல் மட்டும்தான் இருந்தது. அம்மா போட்டது. அதையும் வைத்துவிடலாமா என்று அவர் கேட்டார். விற்றுவிடலாம் என்றேன். நகையை வைக்கிறதில் யாருக்கும் கூச்சமில்லை, விற்கிறது என்றால் மட்டும் குடும்ப மானம் போகிற மாதிரி நமக்கு ஒரு எண்ணம். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால் நகை வங்கிப் பெட்டியிலும் கடன் நம் தலையிலும் இருக்கும். விற்ற அன்று கடையிலேயே அழுதேன், மறைக்கவில்லை. மறுநாளே 80,000 ரூபாயைத் தம்பி கையில் கொடுத்தோம். "இப்ப எதுக்குக்கா, அத்தானுக்கு எவ்வளவு கஷ்டம் இருக்கும்" என்றான். என் கணவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு வருஷம் உன்னைக் காக்க வச்சிட்டேன், மன்னிச்சிரு மாப்பிள்ள" என்றார். மிச்சம் 21,000 கார்டுக்குப் போனது. அடுத்த ஞாயிறு தம்பி மனைவி கோயிலுக்கு வந்தபோது கழுத்தில் பழைய சங்கிலி இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தசமபாகத்தை நிறுத்தலாமா என்ற கேள்வியும் வந்தது. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய் நோட்டைத் திறந்து காட்டினோம். முழுவதையும் வாசித்தார். தசமபாகத்தைக் கொடுப்பதும் குறைப்பதும் உங்கள் விசுவாசம், ஆனால் அடுத்தவருக்குத் தர வேண்டிய காசை வைத்துக்கொண்டு ஏலத்தில் கூட்டிக் கேட்காதீர்கள் என்றார். நாங்கள் தசமபாகத்தை நிறுத்தவில்லை. பெயர் வாசிக்கப்படுகிற விசேஷக் காணிக்கைகளை எல்லாம் நிறுத்திவிட்டோம். அவற்றில் பாதி எங்கள் பெயரை நாங்களே கேட்டுக்கொள்ளக் கொடுத்ததுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடனில் இருக்கிறவர்களைப் பார்த்து, "இன்னும் காணிக்கையை விதையுங்கள், கர்த்தர் கடனை அழிப்பார்" என்று பிரசங்கிக்கிறவர்களை எனக்கு இப்போது கேட்க முடிவதில்லை. கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான் என்று அழுத விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி காணிக்கை கேட்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெய் பெருகினபின்பும், அதை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அனுப்பினார். அற்புதம் நடந்த வீட்டிலும் முதல் வேலை கடனைத் தீர்ப்பது.

என் பாட்டி வீட்டு அடுக்களையில் உலை வைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அதில் போடுவாள். சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். மிசோரம் சபைகளில் 1910ஆம் ஆண்டிலிருந்து பெண்கள் இதே கைப்பிடி அரிசியால் ஊழியத்தைத் தாங்கி வருகிறார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, பின்னாளில் பிஷப் ஆன அசரியாவும் மற்றவர்களும், நம் ஆட்களும் நம் காசும் போதும் என்று துணிந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட அடுக்களைகள்தான் இருந்தன என்று நான் நினைக்கிறேன். பாட்டி அந்தக் கைப்பிடியை அன்றைய உலைக்கு அளந்த அரிசியிலிருந்துதான் எடுத்தாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாய் குறையும், அவ்வளவுதான். பானையில் போடுவதற்காகப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியதை நான் பார்த்ததில்லை.

மற்றதெல்லாம் சாதாரண வேலை. கார்டை வெட்டிப் போட்டோம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதம் 18,000 ரூபாயை அதில் போட்டு, போனில் கூகுள் பேயை அதோடு மட்டும் இணைத்தோம். காய்கறி, மளிகை, பால், பெட்ரோல், வெளியில் சாப்பிடுகிறது எல்லாம் அதற்குள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது கையைவிட்டுக் காசு போகிற வலி தெரிவதில்லை. மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிற பழக்கம் வந்த அப்புறம்தான் அந்த வலி திரும்பி வந்தது. முதல் மாதக் கணக்கை எழுதியவன் எங்கள் மகன், ஆறாம் வகுப்பு. "அம்மா, பரோட்டாவுக்கு மட்டும் 4,100" என்று சத்தமாக வாசித்தான். யாரும் யாரையும் திட்டவில்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போதும் என்று அவனே சொன்னான். மகள் பத்தாம் வகுப்பு, அவளுக்கு மட்டும் எதையும் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாய் இருந்தேன். அவளோ அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு உடுப்பு போதும், இரண்டு வேண்டாம் என்றாள். கஷ்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வளர்க்க வேண்டும் என்று நினைத்தது எங்களுடைய இன்னொரு தப்பு.

கார்டுக்கு மாதம் பத்தாயிரம் கட்டியதில் அக்டோபரில் அது முடிந்தது. அந்த நவம்பர் ஏலத்தில் நாங்கள் நின்று பார்த்தோம், கை தட்டினோம், கேட்கவில்லை. கொஞ்சம் வெட்கமாய் இருந்ததும் உண்மை. செவ்வாழைத் தாரை வேறு யாரோ எடுத்தார்கள்.

அதற்கப்புறம் அதே பத்தாயிரத்தை நகைக் கடனுக்குத் திருப்பிவிட்டோம். இப்போது பாக்கி 1,50,000. அடகு வைத்த இரண்டு பொட்டலத்தில் சின்னதைத் திருப்பியாகிவிட்டது. தனிநபர் கடன் வருகிற மாதத்தோடு தீர்கிறது. எகிப்தில் விளைச்சல் நன்றாயிருந்த ஏழு வருடமும் யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். எங்களுக்கு அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை, மாதம் 5,000 தான் ஆபத்துக்கென்று தனியாகப் போகிறது. போன மே மாதம் மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை வந்தபோது அதிலிருந்து எடுத்தோம். யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது என் கணவர் வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மாதம் பிறந்தால் முதல் நாள் சாயங்கால ஜெபம் முடிந்து நான்கு பேரும் மேசையில் உட்காருகிறோம். மகன் வரவைச் சொல்வான், மகள் செலவை வாசிப்பாள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறோம். இன்றைக்கு ஒன்றாம் தேதி. கணக்கில் 340 ரூபாய் இடிக்கிறது. "விடுடா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவன் அப்பா சொல்லிப் பார்த்துவிட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவன் பிஸ்கட் டின்னைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு ரசீதாக விரித்துத் தேடிக்கொண்டிருக்கிறான்.